மூன்று முறை விழுந்த முகம்

"ஐயோ... சார்... நில்லுங்க!"

பம்பாயில் சயான் மேட்டில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் கேட்டிலிருந்து ஒரு பெண்ணின் அலறல்!

சரிவில் இறங்கிக்கொண்டிருந்த சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். பிரேக்கை அழுத்தினார்.

பிரேக் பிடிக்கவில்லை!

மறுபடியும் அழுத்தினார். வெறும் இரும்பு கையோடு வந்தது.

சைக்கிள் தறிகெட்டுப் பாய்ந்தது. கீழே வெங்காய மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று குறுக்கே நின்றது.

தடார்!

ஹாண்டில்பாருக்கு மேலே ஆள் பறந்தார். கையை ஊன்ற நேரமில்லை. முகம்தான் முதலில் தரையைத் தொட்டது.

வெங்காயம் நாலா பக்கமும் உருண்டது. ஜனங்கள் ஓடி வந்தார்கள். பாதிப் பேர் வெங்காயத்தைப் பொறுக்கினார்கள். யுத்த காலமில்லையா... வெங்காயம் கிடைப்பது அரிது, மனுஷன் கிடைப்பான்!

மீதிப் பேர் ஆளைப் புரட்டினார்கள்.

முன்பற்கள் இரண்டு காணோம். மேலுதடு கிழிந்து தொங்கியது. புருவத்தில் மூக்குக்கண்ணாடிச் சில்லு. தாடையெல்லாம் ரத்தம்.

"அரே, யே தோ வஹீ மத்ராஸி ஹை!" என்றார் ஒருவர்.

அதே மதராஸிதான். அதே சரிவுதான்.

மூன்றாவது முறை!

* * *

மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனில் டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் கணேசபாண்டியன் எடுத்தார். அந்தப் பக்கம் வெள்ளைக்கார துரை. நலம் விசாரிக்கவில்லை, நேராகக் குரைத்தார்.

விழுந்தவர் பெயர் அனந்தகிருஷ்ணன். யுத்த சப்ளை ஆபீஸ் குமாஸ்தா. பிரேக் ஒயர் வெட்டப்பட்டிருக்கிறது. சர்க்கார் சிப்பந்தியைக் கொல்ல முயற்சி. அதாவது நாசவேலை! பிடித்து வைத்திருக்கும் சைக்கிள் கடைக்காரன்மேல் சாயங்காலத்துக்குள் யுத்தகாலச் சட்டப்படி கேஸ் எழுதியாக வேண்டும்.

"எஸ் சார்" என்று போனை வைத்தார் கணேசபாண்டியன்.

அந்தச் சட்டத்தில் உள்ளே போனவன் எப்போது வெளியே வருவான் என்பது, போட்டவனுக்கே தெரியாது.

லாக்கப் கம்பிக்குப் பின்னால் இசக்கி உட்கார்ந்திருந்தான். தாராவியில் சைக்கிள் கடை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இன்ஸ்பெக்டருக்கும் அதே சீமைதான்.

"ஏல இசக்கி, நேத்துக் காலையில அந்த வண்டிக்குப் புது ஒயர் மாட்டுனது யாரு?"

"நாந்தான்யா."

"'இந்த வண்டிய இனிமே இங்கன கொண்டாந்தீருன்னா பிரேக்கை நானே அறுத்து எறிஞ்சிருவேன்'னு கடையில வச்சுக் கத்துனது யாரு?"

இசக்கி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"அதுவும் நாந்தான்யா... கோவத்துல வாய் தவறிட்டு! ரெண்டு தடவ விழுந்துட்டாரு. இசக்கி மாட்டுன பிரேக்குன்னு தாராவியே சிரிக்கு. அதுக்காவ ஆளைக் கொல்லுவனா? பொண்டாட்டி இப்பத்தான் ஊர்லருந்து வந்திருக்கா. எந்தத் தெருவுல இருக்கோம்னுகூட அவளுக்குத் தெரியாதுய்யா..."

கணேசபாண்டியன் மேஜையைப் பார்த்தார். இசக்கியின் கடையில் ஆணியில் மாட்டியிருந்த பழைய ஒயர் இரண்டு. நேற்றுச் சைக்கிளிலிருந்து எடுத்தது ஒன்று. யுத்த காலத்தில் யாரும் எதையும் தூர எறிவதில்லை!

முதல் விபத்தின் ஒயர் துருவேறி இற்றுப் போயிருந்தது.

இரண்டாவதை எதையோ வைத்து ராவி ராவி அறுத்திருந்தார்கள். ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு நீளம்.

மூன்றாவது... ஒரே வெட்டு! நறுக்கென்று!

'ஒரே ஆள் செய்த வேலையாகத் தெரியவில்லையே...'

ஒயர்களைச் சட்டைப்பையில் சுருட்டிப் போட்டுக்கொண்டு தொப்பியை எடுத்தார்.

"அய்யா..." லாக்கப்பிலிருந்து குரல்.

"என்னல?"

"சாப்பிட்டாச்சா?"

கணேசபாண்டியன் நின்றுவிட்டார். குடும்பம் ஊரில். போய்ப் பார்க்கலாமென்றால் ரயில் முழுக்கப் பட்டாளத்துக்காரன். பம்பாய்க்கு வந்த நாளாக அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டவன் கம்பிக்குப் பின்னால் இருக்கிறான்!

பதில் சொல்லாமல் வெளியே வந்தார். கண்ணில் ஏதோ தூசி.

* * *

ஆஸ்பத்திரி வார்டு.

அனந்தகிருஷ்ணனின் முகத்தில் முகத்தைத் தேட வேண்டியிருந்தது. தலையிலிருந்து தாடைவரை கட்டு. நடுவே வீங்கிய ஒரு மூக்கு, தையல் போட்ட ஒரு உதடு.

வெள்ளை உடுப்பில் ஒரு பெண் மூக்கு வைத்த பீங்கான் கிண்ணத்தால் அவருக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். நர்ஸ் சண்முகவடிவு. முப்பதைத் தொடுகிற வயசு. கழுத்தில் தாலி இல்லை, கையில் வளையல் இல்லை.

"மெதுவா, அனந்தகிருஷ்ணன் சார்... ஓரமா முழுங்குங்க. தையல்ல படக்கூடாது."

"யாரு வந்திருக்கா?" என்றார் அவர், எதிரே இருந்த காக்கியைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி. "கிட்ட வாங்கோ. கண்ணாடி இல்லாம நேக்கு எல்லாரும் ஒண்ணுதான்."

"போலீஸ்."

கஞ்சி புரையேறியது.

"ஐயர்வாள், ஒமக்கு எதிரி யாராவது?"

"எதிரியா?" கட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு. "எதிரி இருக்கணும்னா நாலு பேருக்கு நம்மளைத் தெரிஞ்சிருக்கணுமே, சார்!"

"சொந்தக்காரங்க?"

"பாலக்காட்டுலே ஒரு அண்ணா. லெட்டர் போட்டா பதில் வராது."

"நேத்திலிருந்து பாக்க யாரும் வந்தாங்களா?"

சண்முகவடிவுதான் சொன்னாள்:

"மூணு தடவையும் யாரும் வரலை, அய்யா. ஒரு ஆரஞ்சுப் பழம்கூட வரலை."

அவள் பேச்சில் தாமிரபரணித் தண்ணீர் இருந்தது.

"எந்த ஊரும்மா?"

"பாளையங்கோட்டை. அங்க இப்ப எனக்கு யாரும் இல்ல."

அவள் அலமாரியைத் திறந்து அனந்தகிருஷ்ணனின் சாமான்களைக் காட்டினாள். ரத்தக்கறைச் சட்டை. உடைந்த கண்ணாடி.

"மொதத் தடவையும் இப்படித்தான் நொறுங்கிப்போச்சு. ரெண்டாவது தடவை மட்டும் கூட்டுக்குள்ள போட்டு, துணி சுத்தி, பையில பத்திரமா இருந்துச்சு."

கணேசபாண்டியன் நிமிர்ந்தார்.

கண்ணாடி இல்லாமல் எதிரே நிற்கிறவனைத் தெரியாத மனுஷர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சரிவில் சைக்கிள் விட்டாரா?

அடுத்த கட்டிலில் ஒரு தபால்காரர். அவரும் சைக்கிள் கேஸ்தான். மிலிட்டரி லாரியில் தாடையைக் கொடுத்தவர். பல்லோடு பல் வைத்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். கட்டில் தலைமாட்டில் ஒரு சின்னக் கட்டிங் பிளேயர் தொங்கியது.

"இது எதுக்கும்மா?"

"வாய் திறக்க முடியாதுல்லா? திடீர்னு வாந்தி வந்தா மூச்சடைச்சிரும். ஓடி வந்து கம்பிய வெட்டி விடணும். அதுக்குத்தான்."

"நல்ல ஏற்பாடு" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் மனசு கண்ணாடிக்கூட்டிலேயே இருந்தது.

* * *

மாதுங்காவில் அனந்தகிருஷ்ணன் சாப்பிடும் மெஸ். நடத்துகிறவள் அபயாம்பாள் மாமி.

"அனந்தகிருஷ்ணனா? அது யாரு?"

"மாமி... முகத்துல அடிபட்டு..."

"ஓ, மூணாம் இலையா! அப்படிச் சொல்லுங்கோ. சுவரோரம் மூணாவதா உட்காருவார். வருவார், சாப்பிடுவார், போவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். ரசம் நன்னாருந்தா மட்டும் ரெண்டாந்தரம் கையை நீட்டுவார்."

"விழுந்த நாள்ல ஏதாவது வித்தியாசமா நடந்துக்கிட்டாரா?"

மாமி யோசித்தாள்.

"இங்கே ஒரு வழக்கம் உண்டு. ரேஷன் அரிசி பாருங்கோ, ஒரு பிடி வீணாப் போனாலும் பாவம். ராத்திரி சாப்பிட வராதவா காலம்பறயே 'இலை வேண்டாம்'னு சொல்லிடணும். அவர் ஒரு நாள்கூட அப்படிச் சொன்னதில்லே. போறதுக்கு இடமேது, பாவம்! ஆனா ரெண்டாந்தரம் விழுந்தாரே... அன்னிக்குக் காலம்பற வாசல்லே நின்னுண்டு, 'மாமி, இன்னிக்கு ராத்திரி எனக்கு இலை வேண்டாம். நாலஞ்சு நாளைக்கு வேண்டாம்'னார்."

கணேசபாண்டியன் துள்ளி எழுந்தார்.

"விழுறதுக்கு முன்னாலயேவா?!"

"ஆமாம். விழுந்தது சாயங்காலம்னா. மனுஷருக்கு ஜோஸ்யம் தெரியுமோன்னு நான்கூட..."

இன்ஸ்பெக்டர் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார்.

"இன்ஸ்பெக்டர் சார்! மீதியையும் கேட்டுட்டுப் போங்கோ!" என்று மாமி பின்னாலிருந்து கத்தினாள்.

அவர் கேட்கவில்லை. போலீஸ்காரர்கள் பாதியில்தான் எழுந்திருப்பார்கள்!

* * *

"ஓய்! ஒம்ம பிரேக்கை நீரே அறுத்திருக்கீரு!"

அனந்தகிருஷ்ணன் அசையவில்லை. கட்டுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் மட்டும் விட்டத்தைப் பார்த்தன.

"சோத்தை வீணாக்க மனசு வரலை. கண்ணாடியை உடைக்க மனசு வரலை. மூஞ்சிய உடைக்க மட்டும் மனசு வந்துச்சாக்கும்? அங்க சைக்கிள் கடைக்காரன் ஒருத்தன் லாக்கப்புல கெடக்கான். இன்னிக்குச் சாயங்காலம் அவன் வாழ்க்கை முடியப் போகுது! ஏன்யா இப்படிப் பண்ணினீரு?"

அனந்தகிருஷ்ணன் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார்.

"மொதத் தரம் நிஜமாவே விழுந்தேன்" என்றார் மெல்ல. உதட்டுத் தையல் ஒவ்வொரு வார்த்தைக்கும் இழுத்தது. "ஒயர் இத்துப்போய் அறுந்தது. யாரோ அள்ளிண்டு வந்து இங்கே போட்டா. கண்ணை முழிச்சா... 'அனந்தகிருஷ்ணன் சார், வலிக்குதா?'ன்னு ஒரு குரல்."

"அதுக்கென்ன?"

"ஆபீஸ்லே நான் 'டெஸ்பாட்ச்'. மெஸ்ஸிலே 'மூணாம் இலை'. ரூம் சொந்தக்காரனுக்கு 'மாடி'. என் பேரை முழுசா ஒரு மனுஷி சொல்லிக் கேட்டு எத்தனை காலமாச்சு தெரியுமா, சார்? காயம் ஆறிப் போச்சு. ரூமுக்குப் போனேன். ராத்திரி பூரா யுத்த இருட்டடிப்புன்னு விளக்கை மூடிண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் குரல் மறுபடியும் கேட்கணும்போல இருந்தது. க்ஷவர பிளேடாலே ஒயரை அறுத்தேன்..."

கணேசபாண்டியனுக்குத் திட்ட வேண்டும்போல இருந்தது. திட்ட வரவில்லை. தனியாக இருக்கும் மனுஷனின் பைத்தியக்காரத்தனம் அவருக்குப் புரியாதது அல்ல.

"அப்ப மூணாவது தடவையும் அதே கதைதானே?"

"இல்லே!"

அனந்தகிருஷ்ணன் எழுந்து உட்கார்ந்தார்.

"சத்தியமா இல்லே! நேத்தைக்குத் தையல் பிரிக்க வந்தேன். பிரிச்சாச்சு, இனிமே வரவேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். கிளம்பினேன். இன்னொரு தரம் விழ எனக்குத் தைரியமில்லே, சார். வலி தெரிஞ்சுபோச்சு. மாமியைக் கேளுங்கோ, நேத்து நான் இலை வேண்டாம்னு சொல்லவே இல்லே!"

"அத நம்பணுமாக்கும்?"

"நேத்து மெஸ்ஸிலே மோர்க்குழம்பு! மோர்க்குழம்பு அன்னிக்கு எந்தப் பாலக்காட்டுக்காரனாவது வேணும்னு விழுவானா?!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

இது லேசான சாட்சியம் அல்ல!

மாமி கத்திய 'மீதி' இதுதான் போலிருக்கிறது. நேற்று கண்ணாடியும் மூக்கில்தான் இருந்தது. உடைந்தது!

முதல் தடவை விதி. இரண்டாவது தடவை இவரே.

மூன்றாவது... யார்?

* * *

கேட்டுக்கு வெளியே வந்து வெறித்துக்கொண்டு நின்றார். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. துரையின் கெடு நெருங்குகிறது. அக்கம்பக்கத்தார் கூட்டி வந்து விட்ட இசக்கியின் பெண்டாட்டி ஸ்டேஷன் வாசலில் பாஷை தெரியாமல் உட்கார்ந்திருப்பாள்.

"மூங்ஃபலி, சாப்?" கேட்டருகே நிலக்கடலை விற்கிற வடக்கத்திக்கார 'பையா' பொட்டலத்தை நீட்டினான்.

"நேத்து அந்த ஆள் விழுந்தப்ப நீ இங்கதான் இருந்தியா?" என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டே ஹிந்தியில் கேட்டார்.

"இங்கேதான் சாப். சிஸ்டர் ஓடிவந்து கத்தினாங்க. நான் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் அவர் விழுந்தாரு."

"விழுந்ததைப் பாத்துத்தானே கத்தினாங்க?"

"நஹி சாப்! பஹ்லே சில்லாயீ, பாத் மே கிரா!"

கடலை கணேசபாண்டியனின் கையிலிருந்து சிதறியது.

முதலில் அலறல். பிறகுதான் விழுந்தது!

விழப் போகிறார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

உள்ளே ஓடினார்.

தபால்காரரின் கட்டில். தலைமாட்டில் பிளேயர். சட்டைப்பையிலிருந்து மூன்றாவது ஒயரை எடுத்து அதன் மறு முனையில் பிளேயரை வைத்து அழுத்தினார்.

நறுக்!

இரண்டு முனைகளும் இரட்டைப் பிள்ளைகளாக இருந்தன.

பின்னால் ஏதோ விழுந்து உடைந்தது. பீங்கான் கிண்ணம். திரும்பினார்.

சண்முகவடிவு.

"ஏம்மா?" என்றார். பாளையங்கோட்டைப் பெண்ணாயிற்றே என்று நெஞ்சு கசந்தது.

அவள் மறைக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இந்த வார்டுல இருக்கிற எல்லாரும் 'சிஸ்டர், வலிக்கி'ம்பாக. 'சிஸ்டர், தண்ணி'ம்பாக. வலி போனா எந்திரிச்சுப் போயிருவாக. திரும்பிப் பாக்க மாட்டாக. இவுக ஒருத்தர்தான்யா... வாய் திறக்க முடியாம, உதட்டுல தையலோட, 'நீங்க சாப்பிட்டேளா?'ன்னு கேட்டாக."

கணேசபாண்டியனுக்கு லாக்கப் ஞாபகம் வந்தது.

"நேத்து டாக்டர் சொல்லிட்டாரு, இனி வரவேண்டாம்னு. சைக்கிள் மரத்தடியில நின்னுச்சு. பிளேயர் என் கையில இருந்துச்சு. லேசா ஒரு சிராய்ப்பு... நாலு நாள் இங்க இருப்பாகன்னுதான்... வெட்டிட்டு வார்டுக்கு வந்துட்டேன். வந்ததும் பிளேயரைத் திரும்ப மாட்டினேன். செத்துப் போயிருவாகளேன்னு தோணுச்சு. ஓடினேன். அதுக்குள்ள வண்டியில ஏறிட்டாக..."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இது கொலை முயற்சி, தெரியுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியும். கூட்டிட்டுப் போங்க. அந்தக் கடைக்காரர் மாட்டிக்கிட்டாருன்னு இப்பத்தான்யா எனக்குத் தெரியும்."

"சிஸ்டர்..."

கட்டிலிலிருந்து குரல். அனந்தகிருஷ்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்காகவா?"

அவள் உடைந்த கிண்ணத்தைப் பொறுக்கக் குனிந்தாள்.

"என்னை இங்கேயே வச்சுக்கணும்னு... அதுக்காகவா அறுத்தேள்?"

அவர் சிரித்தார். இரண்டு பல் போன, தையல் போட்ட சிரிப்பு. உதட்டில் ரத்தம் கசிந்தது. அவருக்கு வலித்ததாகத் தெரியவில்லை. இந்தப் பெரிய பட்டணத்தில் தன்னைப் போக விடாமல் தடுக்க ஒரு ஜீவன் இருந்திருக்கிறது என்பது, அவருக்கு இரண்டு பல்லைவிடப் பெரிதாகப் பட்டது!

"இன்ஸ்பெக்டர் சார், எழுதிக்கோங்கோ. ஒயர் தானா அறுந்தது. யுத்தகாலத்து மட்ட சரக்கு. யார் மேலேயும் நேக்குப் புகார் இல்லே."

"பொய் சொல்லுதீரு, ஐயர்வாள்."

"ஆமாம். 'நாலஞ்சு நாளைக்கு இலை வேண்டாம்'னு மாமிகிட்ட ஒண்ணு சொன்னேன். அந்த நிஜத்தைவிட இந்தப் பொய் நல்லது."

சட்டம் இதற்கு என்ன சொல்லும் என்று கணேசபாண்டியனுக்குத் தெரியும். அதனால்தான் அதைக் கேட்கவில்லை.

பிளேயரைப் பழையபடி தலைமாட்டில் மாட்டினார்.

"இத இனிமே பல்லுக்கு மட்டும் வச்சுக்க, தாயி. மறுபடியும் இந்தச் சரிவுல யாராவது விழுந்தா... நான் ஊர்க்காரப் பொண்ணுன்னு பாக்க மாட்டேன்."

வெளியே வந்து மூன்றாவது ஒயரைச் சயான் மேட்டுப் புதருக்குள் வீசி எறிந்தார்.

* * *

துரை போனில் குரைத்தார். விழுந்தவனே புகார் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு எவ்வளவு நேரம் குரைக்க முடியும்?

லாக்கப் கதவு திறந்தது. இசக்கியின் பெண்டாட்டி வாசலில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"போலே, வீட்டுக்குப் போ."

இசக்கி கையெடுத்துக் கும்பிட்டான். நாலடி போனவன் திரும்பினான்.

"அய்யா... காலையில கேட்டேன், நீங்க பதில் சொல்லலை. சாப்பிட்டியளா?"

"இல்லலே."

"அப்ப வாங்க. இவ காலையிலயே சுண்டவத்தக் கொழம்பு வச்சிருக்காளாம். ஏழை வீடு... வருவியளா?"

கணேசபாண்டியன் தொப்பியை மேஜையில் வைத்தார். ரொம்ப நாளைக்கப்புறம் அவருக்கு நிஜமாகவே பசித்தது.

மூவரும் தாராவியை நோக்கி நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் இசக்கி தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"அய்யா, ஐயர் வண்டிய நான் எடுத்துட்டுப் போகட்டா? புது ஒயரு, நல்ல ஸ்ட்ராங்கா மாட்டிரட்டா?"

"ஒயரு கெடக்கட்டும்லே!" என்றார் கணேசபாண்டியன். "பின்னால ஒரு கேரியர் மாட்டிக் கொடு. இனிமே விழுந்தா ரெண்டு பேரா விழட்டும்!"